பச்சை வழியில் வந்த ஏழு கூடுகள்

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். மகள் வீட்டுக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாகச் சொல்ல வரும். சிங்கப்பூரில் பதினோரு நாள் இருந்தேன். அதில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் கிருபையில் அது இரண்டு நாளோடு போயிற்று.

நான் உடுமலைக்குப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவன். இரண்டு ஏக்கர் மல்பெரி, அதன் ஓரத்தில் ஒரு புழு மனை, அவ்வளவுதான் என் உலகம். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மகள் கவிதா கல்யாணமாகிச் சிங்கப்பூரில் பிடோக்கில் இருக்கிறாள். மருமகன் செந்திலுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. அதிலும் எட்டாம் மாதத்தில் ஏதோ சிக்கல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே என் மனைவி சரஸ்வதி பதறிப்போய் ஒரு வேண்டுதல் வைத்தாள். தாயும் சேயும் நலமாக வீடு வந்தால், அந்த ஊர் அம்மனுக்கு எங்கள் மனையில் விளைந்த கூடுகளை நூற்றெட்டு எண்ணிக் கோத்து மாலை சாத்துவதாக. இப்போது பேத்திக்கு ஐந்து மாதம்.

வேண்டிக்கொண்டவள் அவள், கிளம்பியவன் நான். புழு வளர்க்கிற வீட்டில் புருசன் பெண்சாதி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது. தழை போட ஒருவர் இருந்தாக வேண்டும்.

மாலையை அவள் பார்த்துப் பார்த்துக் கோத்திருந்தாள். பட்டுநூல் எடுக்கக் கூட்டை வெந்நீரில் போடுவார்கள், உள்ளே இருக்கிற உயிர் போய்விடும். அப்படிப்பட்ட கூட்டை அம்மன் கழுத்தில் போட அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் போன விளைச்சலில் ஒரு தட்டுக் கூட்டை விற்காமல் ஒதுக்கி வைத்து, பூச்சி தானாகத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் வரை காத்திருந்து, அந்த ஓட்டைக் கூடுகளைத்தான் கோத்தாள்.

தப்பு செய்தது நான். ஓட்டைக் கூட்டில் பூச்சி வெளியேறும்போது கசிகிற நீர் பட்டு ஒரு பழுப்புக் கறை இருக்கும். மாலையின் நடுவில், பதக்கம் மாதிரி வருகிற இடத்தில், அந்தக் கறை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சமயம் மனையில் புது விளைச்சல். வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் கல் போல நிற்கிற கூடு. கிளம்புகிற அன்று காலை நடுவிலிருந்த ஏழு கூடுகளை உருவிவிட்டு, என் கையால் ஏழு நல்ல கூடுகளைச் சேர்த்துக் கட்டினேன். சரஸ்வதியிடம் சொல்லவில்லை. கூடு கட்டி எட்டு நாள்தான் ஆகியிருந்தது, பூச்சி வெளியே வர இன்னும் மூன்று நான்கு நாள் இருக்கிறது, செவ்வாய்க்கிழமையே இந்த மாலை அம்மனிடம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். விளைவித்தவனின் பெருமை. வேறொன்றும் இல்லை.

புறப்படுவதற்கு முன்னால் கவிதா போனில் கேட்டாள். "செடி, விதை, உயிருள்ளது ஏதாச்சும் கொண்டு வர்றீங்களாப்பா? உங்களுக்காக நான் நிரப்புற ஃபார்ம்ல கேட்டிருக்குது."

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கூடு என்றால் சரக்கு. மூட்டையில் கட்டி, அங்காடியில் கொட்டி, நிறுத்து ஏலம் விடுகிற சரக்கு. புழு உயிர், பூச்சி உயிர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கூட்டை நான் உயிர் என்று சொன்னதும் இல்லை, பிறர் சொல்லிக் கேட்டதும் இல்லை.

விமான நிலையத்தில் வெளியே வர இரண்டு வழி. காட்டுவதற்கு ஏதாவது இருப்பவர்களுக்குச் சிவப்பு, ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை. மாலை இருந்த, சட்டை வாங்கின அட்டைப் பெட்டியைப் பிரசாதத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பச்சை வழியில் நடந்தேன். அங்கே நின்ற காவலர் என்னைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார்.

ஒன்பதாவது மாடியில் வீடு. பேத்தியைக் கையில் வாங்கியதும் பயணக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. பெட்டியைச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள் கவிதா. வேண்டுதல் முடிகிற வரை நான் கவிச்சி தொடுவதில்லை என்று விரதம். மருமகனுக்குத்தான் வருத்தம். வந்த மாமனாருக்கு இந்த ஊர்க் கோழிச்சோறு வாங்கித் தர முடியவில்லையே என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். பயப்படுகிற மாதிரி இல்லை, ஊசி போட்ட காய்ச்சல்தான் என்றார்கள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கோயில் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வெள்ளி என்றால் கூடு கட்டிப் பதின்மூன்றாம் நாள். வெளியே வெயில் இருந்தாலும் வீட்டுக்குள் ஏசி ஓடுகிறது, குளிருக்குப் பூச்சி தாமதமாகத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் பாக்கெட் வாங்க மருமகனோடு இறங்கப் போனவன் லிஃப்ட்டுக்கு எதிரில் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் ஒரு பூச்சி. பூச்சி என்று சொல்லவே நா கூசுகிறது. என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தாலும் அதை மூடாது. செங்காவி நிறம், இறக்கைக்கு நடுவில் கண்ணாடி பதித்த மாதிரி முக்கோணம் முக்கோணமாக. மேல் இறக்கையின் நுனி இரண்டும் பாம்புத் தலை மாதிரி வளைந்து, கண்கூட இருக்கிறது. சுவரில் நாகம் இரண்டு நிற்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காவலுக்கு நிற்கிற மாதிரி நின்றிருந்தார். துடைப்பத்தோடு வந்த துப்புரவுக்காரரை இந்தப் பக்கமே வரக் கூடாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் இங்கிலீஷில் சொன்னதை மருமகன் எனக்குச் சொன்னார்: "இது எங்க வீட்டுக்காரர். போன வருசம் தவறிப்போனார். வீட்டை ஒழுங்கா வச்சிருக்கேனான்னு பார்க்க வந்திருக்கார். பார்த்துட்டு அவரே போவார்." எனக்கு நாகம், அவருக்குப் புருசன்.

அப்போது கீழ் மாடியிலிருந்து மாலதி என்ற பெண் ஏறி வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். விடுமுறை நாளில் பூச்சிகளைத் தேடிப் படம் எடுத்து எண்ணி வைக்கிற ஒரு கூட்டத்தில் இருக்கிறாராம். யாரோ இந்தப் பூச்சிக்கு விஷம் என்று குடியிருப்பு வாட்ஸ்ஆப்பில் எழுதிவிட்டார்கள், பார்த்துச் சொல்ல வந்திருக்கிறார்.

"விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல லா. கடிக்கணும்னாகூட அதுக்கு வாய் இல்ல அங்கிள். புழுவா இருக்கும்போது சாப்பிட்டதுதான். ஒரு வாரம் இருக்கும், அவ்வளவுதான்" என்றார். பேச்சுக்கு நடுவே 'லா' போடுவது இந்த ஊர் வழக்கமாம். அட்லஸ் என்று பெயராம். இது பெண்ணாம். ஒரே இடத்தில் இருந்துகொண்டே ஆணை வரவழைக்குமாம்.

என் பூச்சிக்கும் அப்படித்தான். பட்டுப்பூச்சி கூட்டை விட்டு வெளியே வந்தபிறகு ஒரு வாய் சாப்பிடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது. சேரும், முட்டை வைக்கும், போய்விடும். பேசத் தெரியாத ஆளை வாயில்லாப் பூச்சி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நிஜமாகவே வாயில்லாத பூச்சிகளை வைத்துத்தான் இருபது வருடமாகச் சோறு தின்கிறேன் என்பது அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதுதான் தோன்றியது. எல்லா உயிருக்கும் படியளக்கிற சாமி, இவற்றுக்கு மட்டும் புழுவாக இருக்கும்போதே மொத்தத்தையும் அளந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பட்டுப்புழு வளர்ப்பவன் என்று மருமகன் சொன்னதும் மாலதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததே இல்லை என்றார். பத்தடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், ஏழு இருக்கிறது. வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை தேக்காவுக்குத் தனியாகவே போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். லிட்டில் இந்தியா என்று படத்தில் போடுவார்கள், அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை, தேக்காதான். பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பஸ் நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. நம் ஊரில் கண்டக்டர் விசில் கொடுப்பார், இங்கே யார் கொடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "அங்கிள், பெல் அமுக்கணும் லா. மனசுல நினைச்சா எனக்கு எப்படிக் கேக்கும்?" பின்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

தேக்காவுக்குள் நுழைந்ததும் மல்லிகை வாசனை. முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை எல்லாம் நம் ஊரில் இருப்பதைவிடச் சுத்தமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் என்றால் முன்னால் நிற்பவன் தோள் மேல் ஏறி எட்டிப் பார்ப்போம். இங்கே ஒரு தோசைக்கு இருபது பேர் வரிசை, ஒருவர் மூச்சுகூட அடுத்தவர் மேல் படவில்லை. நான் டீ கேட்டு, சர்க்கரை கம்மி என்றேன். கடைக்காரர் உள்ளே பார்த்து "தே சியூ டாய்" என்று கத்தினார். என்னைத்தான் டாய் என்று கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிடம் முகம் சுருங்கிப் போயிற்று. சர்க்கரை கம்மி என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அதுதானாம். பக்கத்து மேசையில் கட்டட வேலைக்கு வந்த ஒரு தம்பி போனில் மனைவியிடம் ஆடு குட்டி போட்டதா, இரட்டையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குள் போய் வெள்ளிக்கிழமை மாலை சாத்த அனுமதி கேட்டேன். குருக்கள் சரி என்றார். அம்மனை நேருக்கு நேர் பார்க்கத்தான் முடியவில்லை. கண்ணை மூடினால் ஏழு கூடு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, விளக்கேற்றப் போன கவிதா என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அந்தக் குரல்.

சட்டைப் பெட்டியின் மூடி லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஐந்து பூச்சிகள். பால் வெள்ளை, சீப்புப் போல மீசை. மாலையின் நடுவில் ஐந்து கூடு ஈரமாகித் துளைபட்டிருந்தது. ஆண்கள் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு பெண்களைச் சுற்றி வந்தன. பறக்க வராது அவற்றுக்கு. எத்தனையோ ஆயிரம் வருடமாக மனிதன் கையில் வளர்ந்து, இறக்கை இருந்தும் ஒரு சாண்கூட எழும்ப முடியாத பூச்சி அது.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். பிறகுதான் எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொன்னாள். இந்த ஊரில் நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்டு அவர்கள் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கிடைக்கவில்லை, இது மூன்றாவது. உயிருள்ளதைச் சொல்லாமல் கொண்டுவருவது இங்கே குற்றம். அந்தப் படிவத்தில் இல்லை என்று தட்டியது அவள் விரல்.

"குப்பைக் குழாய்ல போட்டுர்றேன்ப்பா. ஒம்பது மாடி கீழ போயிரும். ஒருத்தருக்கும் தெரியாது."

நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். வேண்டாம் சாமி, அம்மனுக்கு என்று கட்டிக்கொண்டு வந்தது என்றேன்.

"ஊர்ல மூட்டை மூட்டையா வெந்நீருக்கு அனுப்புறீங்க. இங்க ஏழு பூச்சிக்கு மனசு துடிக்குதாக்கும்" என்றாள். பெற்ற மகள் வாயில் கேட்கிறபோது அது வலித்தது. உண்மைதானே.

மருமகன் வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். "சாப்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் நானே இறங்கிப் போய் மாலதியை அழைத்து வந்தேன். பெட்டியைத் திறந்ததும் அவர் குழந்தை மாதிரி மண்டியிட்டுவிட்டார். பார்த்து முடித்துத்தான் முகம் மாறிற்று. அதற்குள் பெண் பூச்சிகள் மூடியின் உள்பக்கத்தில் முட்டை வைக்கத் தொடங்கியிருந்தன, கடுகு போல மஞ்சளாக.

லிஃப்ட்டுக்கு எதிரே இருந்த பூச்சி அன்று காலையே போய்விட்டது. சீன அம்மா அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். நான் மாலதியிடம் கேட்டேன். அழிந்துபோகிற உயிர்களுக்கு உலகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதாமே, அதில் அந்தப் பெரியது இருக்கிறதா?

"நான் பாத்த வரைக்கும் இல்ல அங்கிள். நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் அதை மதிப்பிடல. இங்க அவ்வளவு அபூர்வம் இல்ல. சீத்தா மாதிரி மரம் நாலு இருந்தா வந்துரும். மரம் போனா அதுவும் போயிரும்."

"எங்க பூச்சி?"

"அதுவும் இல்ல. ஆடு மாடு மாதிரி அது வீட்டு உயிர், காட்டுல கிடையாது. அந்தப் பட்டியல் காட்டு உயிருக்குத்தான்." அவர் ஒரு பூச்சியை விரலில் ஏற்றிக்கொண்டார். அது எழும்பப் பார்த்து எழும்ப முடியாமல் விரலிலேயே நடந்தது. "நாளைக்கு நீங்க எல்லாரும் வளர்க்கறத நிறுத்திட்டா என்ன ஆகும் அங்கிள்?"

யோசிக்கவே தேவையில்லை. தழையைக் கிள்ளி முன்னால் போடாவிட்டால் பக்கத்துச் செடிக்குக்கூட நடக்கத் தெரியாத புழு. ஒரு வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்றேன்.

ஒன்று கோடி கோடியாக இருக்கிறது, ஆனால் எங்கள் கை விட்டால் இல்லை. மற்றொன்று எத்தனை இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அதற்கு யார் கையும் வேண்டாம், நாலு மரம் போதும். எண்ணிக்கையைப் பார்த்துப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். எது பத்திரம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் பூச்சி இங்கே தப்பிப் போய்ப் பெருகும் என்ற பயம் கிடையாது, ஆனால் நோய் இருந்தால் என்ன செய்வது என்றார் மாலதி. அந்தச் சொல்லில்தான் எனக்குத் தீர்மானம் பிறந்தது. பெப்ரின் என்று ஒரு நோய் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்குப் போகும், ஒரு மனைக்குள் வந்தால் மொத்தத்தையும் கொட்டிக் கொளுத்த வேண்டியதுதான். அதற்குப் பயந்து, சொந்த மச்சான் வந்தாலும் பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைக்காமல் என் மனைக்குள் விடமாட்டேன். அடுத்த விவசாயி நல்ல எண்ணத்தோடு வந்தாலும் விடமாட்டேன், கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவன் இந்த ஊர்ப் பூச்சிகள் இருக்கிற வீட்டுக்குள் கால் நனைக்காமல் வந்திருக்கிறேன். குப்பைக் குழாயில் போட்டால் கீழேதான் போகும், இல்லாமல் போகாது.

"நானே போய்ச் சொல்லிர்றேன் கவிதா" என்றேன். "என் மனைக்குள்ள ஒருத்தன் இப்படி வந்துட்டு மறைச்சா நான் மன்னிக்க மாட்டேன். வந்து சொன்னா மன்னிப்பேன்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த மாதிரி உயிர்களைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்கு எந்த எண்ணில் பேச வேண்டும் என்று மருமகன்தான் மாலதியிடம் கேட்டார். பேசினார்கள். பெட்டியை நன்றாக மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, வெள்ளிக்கிழமை காலையில் நேரில் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த அலுவலகம் மேற்கே, கிளமெண்டியையும் தாண்டி. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கவிதா குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டாள், என் மடியில் பெட்டி. காலையில் மீதி இரண்டும் வெளியே வந்திருந்தன. அவ்வளவு நீள ரயில் பயணத்திலும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ராத்திரி முழுக்க அவள் கண்மூடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் மனசுக்குள் கந்தசஷ்டி சொல்லப் பார்த்தேன், பாதியில் அடி மறந்து மறந்து போயிற்று.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண், தலையில் முக்காடு, அமைதியான முகம். பெட்டியை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துத் திறந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதைக் கவிதா எனக்குத் தமிழில் சொன்னாள். "எங்க ஊர்ல கூடு சரக்குங்க. அதைச் சரக்குன்னே நினைச்சுப் பழகிட்டேன். உள்ள உயிர் இருக்குதுன்னு தெரியும், ஆனா உயிருன்னு கேட்டப்ப அது ஞாபகத்துக்கு வரல" என்றேன். படிவத்தைத் தட்டியது மகள், சொன்னது நான், தப்பு என்னுடையது, அவளுக்குத் தெரியாது என்பதையும் சொல்லச் சொன்னேன். கவிதா அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். குழந்தை அழுதது, பால் குடித்தது, தூங்கிற்று. சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஆமை, கிளி, பாம்பு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை பார்த்திருப்பேன்.

திரும்பி வந்தவர் ஒரு தாளைக் கொடுத்தார். கவிதா அதைப் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். எச்சரிக்கை மட்டும்தான். நீங்களே வந்து சொன்னதால் இத்தோடு விடுகிறோம், இனிமேல் எதுவானாலும் முதலில் கேட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று இருந்ததாம். மாலையைத் திருப்பித் தர முடியாது, முட்டை ஒட்டியிருக்கிறது. கவிதா தயங்கித் தயங்கி, புருசனுடைய விண்ணப்பத்துக்கு இதனால் ஏதாவது வருமா என்று கேட்டாள். அந்த அம்மா சொன்ன பதிலை அவள் எனக்கு மொழிபெயர்த்தாள், சொல்லிக்கொண்டே அழுதாள்: "இது உங்க அப்பா பேர்ல இருக்கிற தாள்மா. உங்க வீட்டுக்காரர் இதுல எங்கேயும் இல்ல."

பூச்சிகளை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உள்ளதைச் சொல்லியிருப்பார்.

கோயிலுக்குப் போனது அன்று சாயங்காலம்தான் என்றாலும் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாலை இல்லாமல் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று சரஸ்வதிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏனுங்க, அத்தனையும் வெளிய வந்துருச்சுங்களா?"

"ஏழும் வந்துருச்சு."

"முட்டை?"

"வச்சிருச்சு."

"அப்பறமென்னங்க. நான் வேண்டுனது பிள்ளைப்பேறு நல்லா நடக்கோணும்னுதான். போயிப் பூ வாங்கிச் சாத்துங்க. மாலை நடுவுல கூட்டை மாத்துனதுக்கு நீங்க ஊருக்கு வாங்க, பேசிக்கலாம்."

தேக்காவில் மல்லிகை மாலை வாங்கினோம். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது கவிதா வீட்டார் எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு, கடைசியில் மாலதி பெயரையும் சொன்னாள். நட்சத்திரம் தெரியாது, சாமி பெயருக்கே செய்யுங்கள் என்றாள். அன்றைக்கு அம்மன் முகத்தை நன்றாகப் பார்க்க முடிந்தது.

இனி, திரும்பி வந்த ரயில். அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் கவிதா ஒரு கடையில் எனக்கு ரொட்டி பரோட்டாவும் பருப்புக் குழம்பும் வாங்கித் தந்து, நான் மூன்று சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா நீங்க எதுவும் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். ரயிலில் கூட்டம் இல்லை. இடம் கிடைத்து உட்கார்ந்த இரண்டாவது நிறுத்தத்திலேயே அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் வில் வண்டியில் தூங்கின மாதிரியே. குழந்தையும் அவள் மார்பில் கை விரித்துத் தூங்கிற்று. ரயில் பூமிக்குள் போய், பூமிக்கு வெளியே வந்து, எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள்.

நாங்கள் இறங்க வேண்டிய பிடோக் வந்தது. கதவு திறந்தது. நான் அசையவில்லை. கதவு மூடிக்கொண்டது. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் இறங்கவில்லையா என்று கையால் கேட்டார். நான் மகளைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். கடைசி நிறுத்தம் வரை போகட்டும், அங்கிருந்து இதே ரயில் திரும்பித்தானே வரும் என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.